குற்றம் கூடியிருக்கா, வழக்கு கூடியிருக்கா? போலீஸ் புள்ளிவிவரத்தைப் படிப்பது எப்படி?

2022 செப்டம்பர். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் பாஞ்சாங்குளம் கிராமம். பட்டியல் சமூகத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டாச்சு, உங்க தெருக்காரங்களுக்கு இனி எதுவும் விற்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன கட்டுப்பாடு என்று கூடப் புரியாமல் பிள்ளைகள் திரும்பிப் போகிறார்கள்.

அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் பரவியது. கரிவலம்வந்தநல்லூர் போலீஸார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவு செய்தார்கள். கைது நடந்தது, கடைக்கு சீல் வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) அறிக்கையில் இது, 2022-ல் பட்டியல் சமூகத்தினருக்கு எதிராக நாடு முழுக்கப் பதிவான 57,582 வழக்குகளில் ஒன்று. ஆனால், அந்த வீடியோ வெளியே வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளைகள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள். கட்டுப்பாடும் இருந்திருக்கும். வழக்கு மட்டும் இருந்திருக்காது. அறிக்கையில் 57,581 என்று இருந்திருக்கும்.

குற்றப் புள்ளிவிவரம் பற்றிப் பேசும்போது முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். போலீஸ் எண்ணிச் சொல்வது பதிவான வழக்குகளை. நடந்த குற்றங்கள் எத்தனை என்பது வேறு கணக்கு.

இந்த எண் எப்படி உருவாகிறது?

ஒரு உதாரணம். சங்கரன்கோவில் ஆடித்தபசு கூட்டத்தில் ஒரு அம்மாவின் கழுத்துச் செயின் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகிறார். மனு ஏற்பு ரசீது, அதாவது நாம் சொல்லும் சிஎஸ்ஆர் கையில் கிடைக்கிறது. எஃப்ஐஆர் போடப்படவில்லை. செயினும் கிடைக்கவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை அலைந்துவிட்டு விட்டுவிடுகிறார். என்சிஆர்பி கணக்கில் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. ஏனென்றால் எண்ணுவது எஃப்ஐஆரைத்தான், சிஎஸ்ஆரை அல்ல.

இது எவ்வளவு பெரிய இடைவெளி? சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் வீடு வீடாகக் கேட்டு, ஐடிஎஃப்சி இன்ஸ்டிடியூட் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் எஃப்ஐஆர் வரை போய்ச் சேர்ந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால், அதில் கடுமையான தண்டனை உள்ள குற்றம் மட்டுமே கணக்கில் ஏறும். கொலையும் கொள்ளையும் ஒன்றாக நடந்தால் அது கொலைப் பட்டியலில் ஒன்று. கொள்ளைப் பட்டியலில் வராது.

இரண்டு, எல்லை மாற்றம். சங்கரன்கோவில் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதனால் 2018-ன் திருநெல்வேலி எண்ணையும் 2022-ன் திருநெல்வேலி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறியிருக்கு, இறங்கியிருக்கு என்று சொன்னால் அது தப்புக் கணக்கு. இரண்டும் ஒரே நிலப்பரப்பு கிடையாது.

மூன்று, வழக்கு கூடுவது சில சமயம் நல்ல செய்தி. மக்கள்தொகைக்கு ஏற்ப வழக்குப் பதிவு அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் கேரளா தொடர்ந்து முன்னால் வருகிறது. கேரளாவில் வாழ்வது ஆபத்து என்று அதற்கு அர்த்தமா? புகார் கொடுக்கத் தயங்காத மக்களும், வாங்கிப் பதியும் ஸ்டேஷனும் அங்கே அதிகம் என்பதும் ஒரு விளக்கம். குற்றம் அதிகரிப்பதும் வழக்குப் பதிவு அதிகரிப்பதும் ஒன்றல்ல என்று என்சிஆர்பியே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. தலைப்புச் செய்தியில் அந்த எச்சரிக்கை வருவதில்லை.

எந்தச் சாதிக்காரர்கள் அதிகம் கைதாகிறார்கள்? கணக்கு இருக்கா?

'இந்த ஆளுங்கன்னாலே இப்படித்தான்' என்ற வரியைத் தென்மாவட்டங்களில் ஒரு தடவையாவது கேட்காதவர் இருக்க முடியாது. ஊருக்கு ஊர் 'இந்த ஆளுங்க' மட்டும் மாறும். சொல்கிறவர் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டா சொல்கிறார்?

இந்தியாவில் ஆண்டுதோறும் வெளியாகும் குற்ற அறிக்கையில், கைதானவர்களின் ஆண், பெண் விவரமும் வயது விவரமும் உண்டு. சாதிவாரி விவரம் கிடையாது. பட்டியல் சமூகம், பழங்குடி என்ற பிரிப்பு வருவது பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய அத்தியாயத்தில்தான். ஆக, ஒரு சாதிக்காரர்கள் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று போலீஸ் கைதுக் கணக்கை வைத்து யாராவது சொன்னால், அவர்களிடம் அப்படியொரு கணக்கே இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே எஃப்பிஐ கைது விவரங்களை இனவாரியாக வெளியிடுகிறது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். 2019-ல் கைதானவர்களில் சுமார் 27 சதவீதம். 'பார்த்தீங்களா, அவங்கதான் குற்றம் அதிகம் செய்றாங்க' என்று ஒரு தரப்பு சொல்லும். அங்கேதான் இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. கஞ்சா பயன்படுத்துவதில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனால், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.6 மடங்கு அதிகம் என்று ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பின் 2020 அறிக்கை சொன்னது. தப்பு ஒன்றுதான். போலீஸ் யார் பையைத் திறந்து பார்த்தது என்பதில்தான் வித்தியாசம்.

கைதுக் கணக்கு இருந்ததால் அங்கே இந்தக் கேள்வியைக் கேட்கவும் பதில் தேடவும் முடிந்தது. நம்மிடம் அந்தக் கணக்கு இல்லாததால் இரண்டு தரப்பும் ஊகத்தில்தான் சண்டை போடுகின்றன.

சிறைக்குள் யார் இருக்கிறார்கள்?

நம்மிடம் இருக்கும் நெருங்கிய கணக்கு, என்சிஆர்பி வெளியிடும் சிறைப் புள்ளிவிவரம். 2022 இறுதியில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள்.

2021 அறிக்கைப்படி விசாரணைக் கைதிகளில் பட்டியல் சாதியினர் சுமார் 21 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம். முஸ்லிம்கள் சுமார் 18 சதவீதம், மக்கள்தொகையில் 14.2 சதவீதம். தண்டனைக் கைதிகளில் பழங்குடியினர் சுமார் 14 சதவீதம், மக்கள்தொகையில் 8.6 சதவீதம்.

இதை எப்படிப் படிப்பது? ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. நல்ல வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் உண்டு. போலீஸ் முதலில் தேடிப் போகும் தெரு எது என்பதும் உண்டு. காமன் காஸ், சிஎஸ்டிஎஸ் அமைப்புகள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், முஸ்லிம்கள் இயல்பிலேயே குற்றத்தில் ஈடுபடக் கூடியவர்கள் என்ற எண்ணம் ஏதோ ஒரு அளவில் இருப்பதாகப் போலீஸாரில் ஏறத்தாழ பாதிப்பேர் பதில் சொன்னார்கள். அந்த எண்ணத்தோடு ரோந்து போகிறவர் யாரை நிறுத்தி விசாரிப்பார்?

சிறை எண்ணிக்கையில் இவை அனைத்தும் கலந்தே இருக்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஒற்றைச் சதவீதத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. 'அந்தச் சமூகம் குற்றம் செய்யும் சமூகம்' என்ற முடிவுக்கும் அதை வைத்துப் போக முடியாது.

தமிழ்நாட்டுக்கு என்று தனியாக ஒரு எண் உண்டு. விசாரணை இல்லாமலேயே 12 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க வழி செய்யும் குண்டர் சட்டம் 1982-ல் இங்கே வந்தது. 2021 சிறைக் கணக்கில், நாடு முழுக்கத் தடுப்புக் காவலில் இருந்தவர்களில் சுமார் பாதிப்பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். மாநில மக்கள்தொகையில் அவர்கள் 20 சதவீதம்.

ரேகைச் சட்டம் முதல் ரவுடி பட்டியல் வரை

ஒரு சாதியையே குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம் இங்கே இருந்தது. ஆங்கிலேயர் 1871-ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும், பல இடங்களில் ராத்திரி ஸ்டேஷனில்தான் படுக்க வேண்டும். இதை எதிர்த்த உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் ரத்தானது.

சட்டம் போனது. பழக்கம் உடனே போகவில்லை. நகை திருட்டா, அந்தத் தெருவுக்குப் போ என்ற பழக்கம் அது. 1993-ல் கடலூர் பக்கம் முதனையில் ஒரு திருட்டுப் புகாருக்காகக் கம்மாபுரம் போலீஸார் பிடித்துப் போன குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு காவலில் கொல்லப்பட்டார். 2006-ல் உயர் நீதிமன்றத்தில் போலீஸாருக்குத் தண்டனை கிடைக்கும் வரை அவர் மனைவி போராடினார். 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை இந்த வழக்குதான்.

இப்போது ஸ்டேஷன்களில் இருப்பது சரித்திரப் பதிவேடு, ரவுடிப் பட்டியல். 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பதிவேடுகளைப் பற்றிப் பேசியது. பின்தங்கிய, விளிம்புநிலைச் சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயர் இயந்திரத்தனமாக ஏற்றப்படாமல் மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது.

அடுத்த தீர்ப்பு நம் வட்டாரத்தை நேராகத் தொட்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும், இடம் பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக்கில் கைதிகளை வைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் அதிகம், அதைத் தவிர்க்கத்தான் பிரித்து வைக்கிறோம் என்ற அரசின் விளக்கத்தை முன்பு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சீர்மரபினர் சாதியைக் காரணமாக வைத்துத் தன்னிச்சையாகக் கைது செய்யப்படக் கூடாது என்றும் போலீஸுக்கு உத்தரவிட்டது.

பயம் எங்கிருந்து வருகிறது?

நாம் பயப்படும் குற்றமும் உண்மையில் நடக்கும் குற்றமும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. 2022-ல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. அதில் 9,962, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஏதோ ஒரு தகராறில் நடந்தவை. லாபத்துக்காக நடந்தவை 1,884. ஊருக்குப் புதுசாக வந்த முகம் தெரியாத ஆள் பற்றித்தான் நமக்குப் பயம். ஆனால் தகராறு என்பது பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் வருவது.

1990-களின் தொடக்கத்தில் லட்சம் பேருக்கு நான்குக்கும் மேல் இருந்த கொலை விகிதம் 2022-ல் 2.1 ஆகக் குறைந்திருக்கிறது. கொலையை மறைப்பது கஷ்டம் என்பதால், மற்ற எண்களைவிட இதைக் கொஞ்சம் நம்பலாம். தமிழ்நாட்டில் 2022-ல் பதிவான கொலைகள் சுமார் 1,690. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். பத்து மடங்கு. ஆனாலும் பைக்கை எடுக்கும்போது வராத பயம், கொலை வீடியோ ஒன்று போனில் வந்தால் வந்துவிடுகிறது. ஒரே வெட்டுக் காட்சி அஞ்சு குரூப்பில் இருந்து வந்தால் அஞ்சு கொலை நடந்த மாதிரி மனசு எண்ணிக்கொள்கிறது.

அந்தப் பயம் ஆளையும் கொல்லும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டதாகச் சொல்லி 5 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வடமாநிலத்தவர் என்று செய்தி வந்ததும், வாடகைக்கு வீடு தேடிய வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. 2023 மார்ச்சில் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவ, பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

இந்தப் பார்வை நம் பக்கமும் திரும்பும். தென்காசி, நெல்லைப் பக்கத்துப் பையன் வெளியூர் ஆபீஸில் சேர்ந்து ஊர்ப் பெயரைச் சொன்னதும் 'அருவா இருக்கா பாஸ்?' என்று சிரிப்பார்கள். சினிமா சொல்லிக்கொடுத்த ஜோக். வீட்டுக்காரர் அதையே சிரிக்காமல் நினைத்துக்கொண்டு ரூம் இல்லை என்று சொன்னால், அப்போது தெரியும் அந்த வலி. 'வடக்கன்னாலே திருட்டுத்தான்' என்று நாம் சொல்வதும் இதே ரகம்தான்.

ஒரு வழக்கின் எடை

மறுபடி பாஞ்சாங்குளத்துக்கு வருவோம். கட்டுப்பாடு ஏன் வந்தது? 2020-ல் இரண்டு தரப்புக்கும் தகராறு நடந்து வழக்குப் பதிவாகியிருந்தது. 2022-ல் ஒரு தரப்பு இளைஞருக்கு ராணுவ வேலைக்கு வாய்ப்பு வந்தபோது, நிலுவையில் இருந்த அந்த வழக்கு குறுக்கே நின்றது. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்க, பட்டியல் சமூகத்தினர் மறுத்தார்கள். அதன் பிறகே ஊர்க்கட்டுப்பாடு வந்ததாக அப்போதைய செய்திகள் கூறின.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு இது நியாயம் ஆகாது. ஆனால், ஒரு எஃப்ஐஆரில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அரசு வேலை, போலீஸ் சரிபார்ப்பு, பாஸ்போர்ட் என்று இருபது வயதுப் பையனின் எல்லா வாசலிலும் அது வந்து நிற்கும். ஒரு தெருப் பையன்களின் பெயர் மட்டும் சுலபமாக ஏறும் என்றால், அந்தத் தெரு படிப்பிலும் வேலையிலும் பின்னால் நிற்கும். பிறகு அதையே காட்டி அந்தத் தெரு சரியில்லை என்பார்கள்.

அடுத்த தடவை 'குற்றம் கூடிப்போச்சு' என்று ஃபார்வர்டு வந்தால் கேட்க வேண்டியவை

* எண்ணியது எதை? பதிவான வழக்கா, கைதா, தண்டனையா?
* எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள்? மாவட்ட எல்லை இடையில் மாறியதா?
* லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமா, வெறும் எண்ணிக்கையா?
* சாதி, மதம், மாநிலம் சொல்லி எண் கொடுத்தால், அந்த எண்ணை வெளியிட்டது யார்? கைதுக்குச் சாதிவாரி தேசியக் கணக்கே இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டு வாசலுக்கே போலீஸ் வந்தால்

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை இருக்கின்றன. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது கட்டாயம் இல்லை. தேவை இல்லாதபோது விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும் (பிரிவு 35). கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் (பிரிவு 47). 24 மணி நேரத்துக்கு மேல் போலீஸ் காவலில் வைத்திருக்க முடியாது, அதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் (பிரிவு 58). குற்றம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்ஐஆர் நகல் இலவசம் (பிரிவு 173).

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே அந்த உதவி உண்டு.